பிணம் சிரிக்க வேண்டும்

சீரியலில் பிணமாக நடித்தவர் ஷாட் முடிந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் எழ வேண்டும். சிரிக்காமல் எழுந்தால் சாவு கூடவே வீட்டுக்கு வந்துவிடும் என்று எங்கள் யூனிட்டில் நம்பிக்கை. திருவனந்தபுரத்து ஸ்டுடியோவில் நான் உடைகளைக் கவனித்துக்கொண்ட காலமெல்லாம் இதை மட்டும் யாரும் மறந்ததில்லை. வயர்களைச் சரிபார்க்கத்தான் நேரம் இருக்காது.

சாலைக் கடைத்தெருவில் மளிகைக் கடை ஒன்றில் கணக்கு எழுதிய அண்ணாச்சி, லீவு நாட்களில் எங்களுக்குப் பிணமாக நடிப்பார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். மூச்சடக்குவதில் மன்னன். "எமனே வந்தாலும் ஒத்திகைன்னு நெனச்சித் திரும்பிப் போயிருவான்" என்பார்.

அன்று ஸ்டுடியோவுக்குள் மழைக் காட்சி. குழாய் மழையில் செட்டின் முற்றமெல்லாம் தண்ணீர். அதில் அவர் படுக்க வேண்டும். விளக்குக்குப் போகும் வயர், டேப் சுற்றிய ஒட்டோடு அந்தத் தண்ணீரின் ஓரத்திலேயே கிடந்தது. அதை எடுக்கச் சொல்லிக் காலையிலேயே மேனேஜரிடம் சண்டை போட்டேன்.

"பூஜை கழிஞ்ஞதல்லே, சேச்சி" என்றார், பூஜைதான் முடிந்ததே என்று. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்த தைரியம்.

ஷாட் நடுவில் அண்ணாச்சியின் விரல்கள் மடங்கின. "அனங்கல்லே" என்று, அசையக் கூடாதென்று, இயக்குநர் அதட்டினார். பிறகு அவர் அசையவே இல்லை. கட் சொன்ன பின்னும் அந்தச் சிரிப்புக்காகக் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. குறும்பு செய்கிறார் என்று நாங்கள்தான் சிரித்தோம். எழுப்பப் போன லைட்மேன் கையை உதறிக்கொண்டு பின்னால் விழுந்த பிறகே மெயினை அணைத்தார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது அண்ணாச்சிக்கு உயிர் இல்லை.

மறுநாள் அவர் வீட்டு வாசலில் நின்று, அவர் சிரிக்காமல் விட்டதால் வந்த வினை என்று மேனேஜர் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டிப் போனேன். உள்ளே அண்ணாச்சியின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிரிக்க மறந்துட்டாரா மோளே? ஒவ்வொரு தடவையும் சொல்லித்தான அனுப்புவேன்."

"மறக்கல மைனி. தண்ணில கரண்ட் வந்திருக்கு. அந்த வயர எடுக்கச் சொல்லிக் காலைலயே சொன்னேன். யாரும் கேக்கல."

அவள் அழுகை நின்றது. என்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டுபோய் மேனேஜர் முன்னால் நிறுத்தினாள்.

"எங்கிட்டச் சொன்னத இவருகிட்டயும் சொல்லு. மலையாளத்துலயே சொல்லு. நல்லா விளங்கட்டும்."

சொன்னேன்.