தென்காசியில் மூன்றாவது இலை

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு நானும் என் நாத்தனார் விசாலமும் தென்காசி ஸ்டேஷனில் இறங்கினோம். கையில் ஒரு தகரப் பெட்டி, ஒரு ஜமக்காளச் சுருட்டு, ஒரு கூஜா. திருச்சிராப்பள்ளியில் முந்தின இரவு ரயிலேறி, விருதுநகரில் வண்டி மாறி வந்த அலுப்பு உடம்பெல்லாம் இருந்தது. பிளாட்பாரத்தில் கால் வைத்ததும் முகத்தில் சாரல் அடித்தது பாருங்கள், அலுப்பு போன இடம் தெரியவில்லை.

இரண்டு பெண்கள் துணையில்லாமல் குற்றாலம் பார்க்கக் கிளம்பின கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். விசாலத்துக்கு இருபத்து நாலு வயது. பதினைந்து வயதில் கணவனை இழந்து எங்கள் வீட்டுக்குத் திரும்பியவள். நான் பிடிவாதம் பிடித்துப் படிக்க வைத்ததில் உபாத்தியாயினிப் பரீட்சை தேறினாள். திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலையும் கிடைத்தது. வீட்டுப் பெரியவர் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அவளுடைய அண்ணாவான என் கணவரோ பேனாவைத் தொடமாட்டேன் என்றார். நல்ல மனிதர்தான், ஆனால் பயந்தவர்.

"முன்பின் தெரியாத ஊரில் நாலு நாள் தனியாக இருக்க முடியுமா உங்களால்? எனக்குத் தந்தி அடிக்காமல் இருந்துவிட்டு வாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன்" என்று ஒரு நாள் கோபத்தில் வாயை விட்டுவிட்டார். நான் மறுநாளே மூட்டை கட்டினேன்.

சீசன் சமயத்தில் குற்றாலத்து வீடுகளெல்லாம் ஜமீன்தார்களுக்கும் வக்கீல்களுக்கும் முன்கூட்டியே பேசி முடிந்திருக்கும். எங்களுக்குக் கட்டுப்படியாவது தென்காசிதான். அருவி மூன்றரை மைல்; கோயில் நடக்கிற தூரம்; ரயிலும் மோட்டார் பஸ்ஸும் உண்டு. கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சைவ ஹோட்டல், மாடியில் நாலு அறைகள். ஒரு நாளைக்கு எட்டணா வாடகை, சாப்பாடு மூன்றணா.

மேஜைக்குப் பின்னால் நெற்றி நிறையத் திருநீறோடு ஹோட்டல்காரர் உட்கார்ந்திருந்தார். ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறது. எங்களைப் பார்த்தார், பிறகு எங்களுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார்.

"வாங்க தாயி. ஐயா பின்னால வருதாவளா?"

இந்தக் கேள்விக்குக் கொடுக்க நான் ரயிலிலேயே சூடாக ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தேன். ஆனால் வெளியே மழை வலுத்துவிட்டது. விசாலம் ஈரப் புடவையோடு நடுங்கிக்கொண்டு நின்றாள். "வருவார்" என்று சொல்லிவிட்டேன். அண்ணாச்சி முகம் மலர்ந்தது. புத்தகத்தில் என் கணவரின் பெயரையும் விலாசத்தையும் கேட்டு எழுதி, 'வகையறா' என்று முடித்துச் சாவியை நீட்டினார். அந்த வகையறாதான் நாங்கள் இருவரும்.

மத்தியானம் சாப்பிடப் போனோம். பெண்களுக்கென்று தட்டி கட்டி மறைத்திருந்தார்கள். உள்ளே மூன்று இலைகள் போட்டிருந்தன.

"ரயில் வார நேரம். ஐயா பசியோட வந்தா காத்துக் கெடக்கக் கூடாதுல்லா" என்றார் அண்ணாச்சி.

நாங்கள் இரண்டு இலையில் சாப்பிட்டோம். மூன்றாவது இலை தண்ணீர் தெளித்தபடி கிடந்தது. "அண்ணி, அண்ணா எதிரே உட்கார்ந்து முறைக்கிற மாதிரியே இருக்கிறது" என்றாள் விசாலம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மாலையில் காசி விசுவநாதர் கோயில். இராஜகோபுரம் பிளந்து மொட்டையாக நிற்கிறது. ஆனால் அதன் வாசலில் வீசும் காற்றை யாராலும் பிளக்க முடியவில்லை. ஓரிடத்தில் முன்னால் தள்ளுகிறது, நாலடி போனால் பின்னால் தள்ளுகிறது. புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நானும் விசாலமும் மூன்று முறை உள்ளே போய் வெளியே வந்தோம். பூக்காரி எங்களைப் பார்த்து, "சின்னப் புள்ளைய மாதிரில்லா விளையாடுதாவ" என்றாள்.

வெள்ளிக்கிழமை ஆறு மணி பஸ்ஸில் குற்றாலம். ஆளுக்கு ஒன்றரையணா. பெரிய அருவியின் இரைச்சல் கடைவீதியிலேயே கேட்கிறது. பாறையில் விழுந்து சிதறும் தண்ணீரைக் கண்டதும் எனக்குக் கால் வரவில்லை. வாய்தான் பெரிது, தைரியம் கொஞ்சம்தான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். விசாலம் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு நேரே போய் அருவிக்குள் நின்றாள். ஓரத்தில் நின்ற உள்ளூர்ப் பெண் ஒருத்தி, "பயப்படாதிய மதினி, குனிஞ்சு முதுகைக் குடுங்க, தண்ணி தட்டிக் குடுக்கும்" என்று சொல்லி என்னையும் உள்ளே இழுத்துவிட்டாள். முதுகில் தண்ணீர் தடதடவென்று விழுந்தது. பக்கத்தில் யாரோ உரக்கச் சிரித்தார்கள். விசாலம்தான். ஒன்பது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், அவள் சிரிப்புச் சத்தத்தை அன்றைக்குத்தான் கேட்டேன். நான் அழுதேன்; அருவியில் யாருக்குத் தெரியப்போகிறது?

திரும்பி வந்தால் மறுபடியும் மூன்று இலை. இந்தத் தடவை உப்பும் ஊறுகாயும்கூட வைத்திருந்தது. "லீவு கெடைச்சிருக்காது. நாளைக்குக் கட்டாயம் வந்துருவாவ" என்று அண்ணாச்சி எங்களுக்கு ஆறுதல் வேறு சொன்னார். அன்று சோறு எனக்குச் சரியாக இறங்கவில்லை.

சனிக்கிழமை செங்கோட்டை. ஐந்து மைல்தான், ஆனால் அது திருவிதாங்கூர் ராஜ்யம். சுங்கச் சாவடிச் சிப்பாய் எங்கள் கூஜாவைக் காட்டி, "எந்தா இது?" என்றார். வெந்நீர் என்றேன். முகர்ந்து பார்த்துவிட்டு விட்டார். கூட வந்த ஆண்பிள்ளை எங்கே என்று கேட்காத ஒரே மனிதர் அவர்தான். யாராவது புகையிலை கடத்துகிறார்களா என்பதுதான் அவருக்குக் கவலை. அங்கிருந்து மாட்டுவண்டியில் பண்பொழி போய்த் திருமலைக் கோயில் படியேறினோம். ஐந்நூறு வரைக்கும் எண்ணினேன், பிறகு மூச்சு வாங்கியதில் கணக்கை விட்டுவிட்டேன். உச்சியில் நின்றால் கீழே வயலும் குளமுமாகப் பச்சைப் பசேலென்று கிடக்கிறது. "திண்டுக்கல்லிலும் மலை இருக்கிறதாமே, அண்ணி" என்றாள் விசாலம். அவள் மனம் அங்கே போய்விட்டது என்று தெரிந்தது.

சாயங்காலம் ஐந்தரைக்கு ஹோட்டலுக்கு வந்தோம். அண்ணாச்சி குடையும் கையுமாக வாசலில் இறங்கிக்கொண்டிருந்தார்.

"மூணு நாளா ஐயாவைக் காணல. எனக்கு மனசு கேக்கல தாயி. விலாசம்தான் இருக்கே, தந்தியாபீசுக்குப் போயி ஒரு தந்தி குடுத்துட்டு வந்துருதேன்."

அந்தத் தந்தி வீட்டுக்குப் போனால் எல்லாம் முடிந்தது. என் கணவர் அடுத்த ரயிலிலேயே வந்து நிற்பார். இன்னொரு பொய் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்குள் விசாலம் முன்னால் வந்தாள்.

"தந்தி வேண்டாம். அவர் வரமாட்டார். வருவதாகவே இல்லை" என்றாள். வேலை, கையெழுத்து, நாலு நாள் பந்தயம், ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்தாள். நடுவில் ஓரிடத்திலும் நிற்கவில்லை.

அண்ணாச்சி முகம் சிவந்துவிட்டது. என் பக்கம் திரும்பினார். "மூணு நாளா நான் இலை போட்டுக்கிட்டு இருக்கேன். பொய்யா சொன்னிய?"

"நிஜத்தைச் சொல்லியிருந்தால் சாவி கொடுத்திருப்பீர்களா?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். "குடுத்திருக்க மாட்டேன்" என்றார் நேர்மையாக. அந்த நேர்மையில் என் கோபம் இறங்கிப்போயிற்று. பொய் சொன்னது தப்புதான் என்று சொன்னேன், மனசாரத்தான் சொன்னேன்.

அடுக்களையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "அவுக மூணு நாளு இருந்ததுல நம்ம ஓட்டலு இடிஞ்சா போச்சு? பேசாம குடையை மடக்கி வச்சுட்டு உள்ள வாங்க."

அண்ணாச்சி குடையை மடக்கினார். மேஜைக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்து, என் கணவர் பெயரை ஒரு கோடு போட்டு அடித்தார்.

"பேரைச் சொல்லுங்க, டீச்சரம்மா" என்றார் விசாலத்திடம்.

"நானே எழுதுகிறேன்" என்று பேனாவை வாங்கிக்கொண்டாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஊருக்குக் கிளம்புமுன் சாப்பிடப் போனோம். தட்டிக்குள் இரண்டே இலைகள் போட்டிருந்தன. எத்தனையோ விருந்து சாப்பிட்டிருக்கிறேன். அந்த ரசத்தின் ருசி வேறு எதிலும் கண்டதில்லை.

திங்கட்கிழமை வீடு வந்து சேர்ந்தோம். எங்கள் வீட்டில் அவர் சாப்பிட்டு ஆபீஸ் போன பிறகுதான் நாங்கள் உட்காருவது வழக்கம். அன்று நான் மூன்று இலைகளையும் சேர்த்தே போட்டேன். என் கணவர் இலைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

"தந்தி வரவில்லை" என்றார் பாதிச் சாப்பாட்டில். அதைச் சொல்ல அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பிறகு தங்கையிடம் கேட்டார்: "திண்டுக்கல்லில் சாப்பாட்டுக்கு என்ன செய்வாய், விசாலம்?"

"ஓர் இலை போட்டுக்கொள்வேன், அண்ணா" என்றாள்.

அவர் கை கழுவிவிட்டு வந்து பேனாவை எடுத்தார்.