கண்ணாடிக்குச் சுடுதண்ணீர்

கண்ணாடி கழுவும் பொத்தானை இரண்டாவது தடவை அழுத்தியபோதும் தண்ணீர் ஆவி பறக்க வந்தது. வைப்பர் ஒரு இழுப்பு இழுத்ததும், லாரி வாரியடித்த, பனி உருகச் சாலையில் தூவிய உப்பு கலந்த சேறு வண்டியின் முன்கண்ணாடியை விட்டு வழிந்து போயிற்று.

“பாத்தியாக்கா? டீயே போட்டுக் குடிக்கலாம்” என்றான் இல்துஸ்.

“நீயே குடி. எனக்கு ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர்னு டாக்டர் அளந்து விட்டிருக்கான்” என்றாள் பின்சீட்டில் கம்பளிச் சால்வைக்குள் உட்கார்ந்திருந்த மின்ஸிஃபா.

அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நகரத்தில் டயாலிசிஸ். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை அந்தப் படுக்கை அவளுடையது. பிந்திப் போனால் பிந்திய நேரம் கழிந்ததுதான்.

இல்துஸ் இருபது வருடம் டிராக்டர் பட்டறையில் இருந்தவன். பட்டறை மூடிய பிறகு நோயாளிகளைக் கொண்டுபோய் விடும் இந்த வண்டி கிடைத்தது. எதையும் கடையில் வாங்கியபடியே ஓட்ட அவனுக்கு மனசு வராது. ஞாயிற்றுக்கிழமை பழைய ஃபிரிட்ஜின் செப்புக் குழாயை எடுத்து, இன்ஜினிலிருந்து ஹீட்டருக்குப் போகும் சூடான குழாயைச் சுற்றி முறுக்கி, கண்ணாடி கழுவும் தண்ணீரை அதன் வழியாக விட்டான். பக்கத்து கராஜ்காரர்கள் மூன்று பேர் வந்து பார்த்துத் தலையாட்டினார்கள். குளிரில் உறையாத நீலத் திரவத்தை எப்போதும் கலக்காமல் ஊற்றுவான். சூடாகத்தானே வரப்போகிறது என்று இந்தத் தடவை பாதிக்குப் பாதி கிணற்றுத் தண்ணீர் சேர்த்துவிட்டான்.

ஊரெல்லைவரை மெதுவாகப் போனதால் ஒன்றும் தெரியவில்லை. நெடுஞ்சாலையில் தொண்ணூறில் போகும்போது சூரியன் நேர் எதிரே எழுந்தது. வெளியே மார்ச் மாதத்திலும் பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து டிகிரி உறைகுளிர். ஒரு லாரி சேற்றை வீசிவிட்டுக் கடந்தது. அவன் அழுத்தினான். திரவத்தை உறையவிடாமல் வைத்திருந்த ஆல்கஹால் சூட்டில் ஆவியாகிப் பறந்தது. மிச்சத் தண்ணீர், வைப்பர் மறுமுனைக்குப் போகுமுன் வெள்ளையாக உறைந்தது. பதற்றத்தில் இன்னொரு முறை அழுத்தினான். பனி இரண்டு மடங்கு தடித்தது.

பக்கக் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி ஓரங்கட்டினான்.

“என்னடா ஆச்சு?”

“உறைஞ்சிடுச்சுக்கா.”

“சூடுன்னியே.”

“சூடாத்தான் வந்துச்சு.”

“சரி, அத அப்புறம் பேசுவோம். மணி ஏழு ஆகுது, சுரண்டு.”

பனி சுரண்டும் தகட்டை கராஜிலேயே விட்டுவந்திருந்தான். சட்டைப்பையில் இருந்த, கடையில் தள்ளுபடிக்குக் கொடுத்த பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டினான். பாதியில் அட்டை உடைந்தது. ஹீட்டரை முழுவதும் திருப்பிவிட்டு, உள்ளங்கை அளவு கண்ணாடி தெளிந்ததும் கிளம்பினான். தண்ணீர் விட்டால் மறுபடி உறையும் என்பதால் லாரி கடக்கும்போதெல்லாம் நின்று துடைத்தான்.

சேர்ந்தபோது எட்டு ஐம்பது.

“பன்னெண்டுக்கு அடுத்த ஆள் வந்துருவாங்க. நான் என்ன பண்ண?” என்றாள் நர்ஸ்.

“தப்பு என்னோடதும்மா. இவங்கள எதுவும் சொல்லாதீங்க.”

“யாரையும் சொல்லல. நேரம் இல்லங்கறேன்.”

நான்கு மணி நேரம் ஆகவேண்டியதற்கு மூன்று மணி பத்து நிமிடத்திலேயே மின்ஸிஃபாவை இயந்திரத்திலிருந்து விடுவித்தார்கள்.

மறுநாள் செவ்வாய். இல்துஸ் தொட்டியைக் காலிசெய்து, நீலத் திரவத்தைக் கலக்காமல் ஊற்றினான். செப்புக் குழாயைக் கழற்றவில்லை. காலை ஏழு மணிக்கு நெடுஞ்சாலையில் தனியாக ஓட்டி எட்டு முறை அழுத்திப் பார்த்தான். உறையவில்லை. திரும்பும் வழியில் மின்ஸிஃபா வீட்டுக்குப் போனான். முந்தின நாள் முழுதும் வெளியேறாத நீரில் அவளுடைய கால்கள் வீங்கியிருந்தன. புருஷனுடைய பெரிய கம்பளிக் காலணியைப் போட்டிருந்தாள். நாளைக்கு அரைமணி முன்னாடியே வருவதாகச் சொன்னான். வா என்றாள்.