நின்ற மணிக்குக் காரணம்

என் வலைப்பூவில் நான் எவ்வளவு நேரம் செலவழிக்கிறேன் என்று கணக்கெடுக்கச் சொன்னது என் வீட்டுக்காரர். சொன்னார் என்பதைவிட வம்புக்கு இழுத்தார் என்பதுதான் சரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் லேப்டாப்பை விட்டு எழுந்து ஓடுவதற்குள் பால் பொங்கி அடுப்பு மேடையெல்லாம் வழிந்துவிட்டது.

"ஏம்புள்ள, அந்தப் பூவுக்குத் தண்ணி ஊத்துற நேரத்துக்கு ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில நாலு தென்ன வெச்சிருந்தா இந்நேரம் எளநி குடிச்சிருக்கலாம்" என்றார்.

"அப்படி ஒண்ணும் நேரம் ஆகறதில்லீங்க. வாரத்துக்கு மிஞ்சிப் போனா மூணு மணி நேரம்."

"எழுதி வெச்சுத்தான் பாரேன். ஊரு ரிக்குக்கெல்லாம் மணிக்கணக்கு எழுதறவதான நீ?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கணக்கு என்று வந்துவிட்டால் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை. திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் வைத்திருக்கும் ஒருவரின் அலுவலகத்தில் எனக்கு வேலை. வண்டிகள் எல்லாம் வடக்கே எங்கெங்கோ நிற்கும். தினமும் காலையில் ஒவ்வொரு வண்டி மேனேஜரும் போனில் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொள்வேன். கம்ப்ரசர் எத்தனை மணி ஓடியது, எத்தனை அடி இறங்கியது, எத்தனை மணி சும்மா நின்றது, நின்றதற்குக் காரணம் என்ன. அந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் காலியாக விடவே கூடாது. மழை, பைப் மாட்டிக்கொண்டது, டீசல் வரவில்லை, ஆளுக்குக் காய்ச்சல், ஏதாவது ஒன்று இருந்தாக வேண்டும்.

"காரணமில்லாம எந்த வண்டியும் நிக்காதும்மா. மேனேஜருக்குச் சொல்ல வாய் வரலீன்னு அர்த்தம். உடாமக் கேளு" என்பார் முதலாளி. நானும் விட மாட்டேன். மேனேஜர்களுக்கு என்மேல் கொஞ்சம் கடுப்பு உண்டு.

அன்றைக்கே ஒரு நோட்டை எடுத்து அதே போலக் கட்டம் போட்டேன். வலைப்பூ திறந்திருந்தால் அது ஓடிய மணி. இறங்கிய அடிக்குப் பதிலாக எழுதிய வரி. கடைசியில் நின்ற மணியும் காரணமும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான்கு வருடங்களுக்கு முன் இதே வலைப்பூவில் என் அக்காவைப் பற்றி எழுதினேன். அவளுக்கு இப்போது ஆட்டையாம்பட்டியில் நல்ல குடும்பம் இருக்கிறது. நான் எழுதியது அதற்கு முன் நின்றுபோன ஒரு நிச்சயதார்த்தத்தைப் பற்றி. வீடு நிறைய அதிரசம் சுட்டு வைத்துக் காத்திருந்தோம், மாப்பிள்ளை வீட்டார் வரவே இல்லை, ஒரு வாரம் முழுக்க அதிரசத்தையே தின்றோம் என்று சிரிக்கச் சிரிக்க எழுதியிருந்தேன். பெயர் போடவில்லை. எங்கள் சொந்தத்தில் பெயர் எதற்கு? இரண்டே நாளில் எல்லோர் வாட்சப்பிலும் சுற்றி வந்துவிட்டது.

அக்கா என்னைத் திட்டவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டாள். போன் செய்தால் எடுப்பதில்லை. விசேஷ வீடுகளில் எதிரே வந்தால் "வந்தியா" என்று ஒரு வார்த்தை, அதோடு சரி. பேர்தான் போடவில்லையே என்று நானும் கொஞ்ச நாள் வீம்பாக இருந்து பார்த்தேன். வீம்பு ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. எனக்கு என் அக்கா வேண்டும். மன்னிப்புக் கேட்டு வலைப்பூவிலேயே எழுதிவிடலாம் என்று ஒரு பதிவைத் தொடங்கினேன். அது முடியாமல் அப்படியே கிடந்தது.

முதல் வாரக் கணக்கே பதினொரு மணி நேரம் வந்தது. நோட்டை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். நின்ற மணிக்கான காரணங்களைப் படிக்க எனக்கே வெட்கமாக இருந்தது. எத்தனை பேர் படித்தார்கள் என்று பார்த்தது. தலைப்பைப் பச்சை நிறமாக மாற்றியது. பிடிக்காமல் பழைய நிறத்துக்கே திருப்பியது. குக்கர் விசில். அவருடைய பைக் சாவியைத் தேடிக் கொடுத்தது. மறுபடியும் பைக் சாவி.

மாதம் முடிந்ததும் அலுவலகத்தில் சாப்பாட்டு வேளையில் கூட்டிப் பார்த்தேன். மொத்தம் நாற்பத்திரண்டு மணி நேரம். வெளியிட்டது மூன்று பதிவுகள். ஆனால் என்னைத் தூக்கிவாரிப் போட்டது அதுவல்ல. அக்காவுக்கு எழுதத் தொடங்கிய பதிவை மட்டும் பதினெட்டு நாள் திறந்திருக்கிறேன். பதினான்கு மணி நேரம். அடிப்பேன், அழிப்பேன், அடிப்பேன், அழிப்பேன். மிஞ்சிய வரி ஒன்றுகூட இல்லை. பதினெட்டு இடத்திலும் காரணக் கட்டம் காலி.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து நோட்டை நானே என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"அட, சாவியக் கேட்டே ஏழு தடவ வண்டிய நிறுத்திப்போட்டனா?"

பக்கத்தைத் திருப்பினார். "இதென்ன புள்ள, இங்கயெல்லாம் காலியாக் கெடக்குது? உங்க மொதலாளி உடுவாரா இத?"

பேனாவை வாங்கி முதல் கட்டத்தில் 'அக்காவிடம் பயம்' என்று எழுதினேன். மீதிப் பதினேழிலும் 'மேற்படி' போட்டேன். எழுத எழுத அழுகை வந்தது. அவர் சிரிப்பு நின்றுவிட்டது. நோட்டை மூடி என் கையில் கொடுத்தார்.

"ஆட்டையாம்பட்டிக்குப் பஸ்ல அர மணி நேரந்தான் புள்ள" என்றார்.

மறுநாளே லீவு சொல்லிவிட்டு எங்கள் ஊரான மல்லசமுத்திரத்தில் பஸ் ஏறினேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒப்பித்துக்கொண்டே போனேன். அக்கா வீட்டை ஒட்டிய கொட்டகையில் நான்கு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. தலையெல்லாம் பஞ்சு படிந்திருக்க அக்கா வெளியே வந்தாள்.

"வந்தியா" என்றாள்.

ஒப்பித்ததெல்லாம் மறந்துவிட்டது. "தப்புப் பண்ணிப்போட்டேங்க்கா" என்றேன். தறிச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. காதருகே கையை வைத்து என்ன என்றாள். பிறகு அவளே உள்ளே போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தாள். அந்த அமைதியில் அதையே இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருந்தது. முதல் முறையைவிட அதுதான் கஷ்டம்.

"எது தப்பு? ஊருக்குச் சொன்னதா?"

"ஆமாங்க்கா."

"ஊருக்கென்ன, ஊருக்கு அன்னைக்கே தெரியும். எனக்கு அதுல கோவமில்ல. நீ எழுதுனது பொய்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்கள் வராதது உண்மை. அதிரசம் தின்றதும் உண்மை. அப்போது நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன், நன்றாக நினைவிருக்கிறது.

"வரல, சரி. ஏன் வரல?" என்றாள் அக்கா. "மொத நாள் சாயங்காலம் மளிகைக் கடைக்குப் போயி, நாந்தான் அவங்களுக்குப் போன் போட்டு வர வேண்டாம்னு சொன்னேன். அதிரசமெல்லாம் அதுக்கு முன்னயே சுட்டாச்சு. அப்பாகிட்ட மட்டுந்தான் சொன்னேன். அம்மாவுக்குத் தெரிஞ்சா ஊடு ரெண்டாயிரும்னு, அவங்களே வரலீன்னு இருக்கட்டும் சாமின்னுட்டாரு."

"ஏங்க்கா வேண்டாம்னு சொன்ன?"

"பொண்ணு பாக்க வந்தன்னைக்கு அந்தாளு நம்ம ஊட்டச் சுத்திப் பாத்துட்டு, கோழிப் பண்ண ஷெட்டாட்டம் இருக்குதுன்னு சிரிச்சான். அப்பாவும் கூடச் சேந்து சிரிச்சாரு. அப்பா சிரிச்ச அந்தச் சிரிப்ப என்னால பாக்க முடியல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா விடவில்லை.

"என்னைய எவனோ வேண்டாம்னு உட்டுட்டுப் போன பொம்பளையா எழுதிப்போட்ட. நான் போட்ட போனு அதுல இல்லவே இல்ல. அத எழுத உனக்கு எத்தன நேரமாச்சு?"

"ரெண்டு நாள்."

"என்னைய ஒரு வார்த்த கேக்க எத்தன நேரமாவும்?"

போனை எடுத்து அந்தப் பழைய பதிவைத் தேடினேன். "இப்பவே எடுத்தர்றேங்க்கா."

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நான்கு வருடத்தில் அவள் என்னைத் தொட்டது அப்போதுதான்.

"எடுக்காத. திருத்தி எழுது. நான் சொல்றேன்."

பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவள் சொல்லச் சொல்லப் போனிலேயே கட்டைவிரலால் அடித்தேன். மளிகைக் கடைக்காரரை வெளியே நிற்கச் சொன்னதையும், நம்பரைச் சுற்றும்போது விரல் இரண்டு முறை வழுக்கியதையும், எதிர்முனையில் மாப்பிள்ளையின் அம்மாவே எடுத்ததையும் சொன்னாள். முடித்ததும் வாசித்துக் காட்டினேன். பாதியில் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"'தயங்கித் தயங்கி'ன்னு போட்டிருக்க. நான் தயங்கல."

அந்த வார்த்தைகளை எடுத்துவிட்டு முதலிலிருந்து வாசித்தேன். இந்த முறை அக்கா கடைசி வரி வரை குறுக்கே பேசவில்லை. முடித்து நிமிர்ந்தபோது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ம். இது நான்தான் சாமி" என்றாள். "இப்பப் போடு."