வாசலில் கிடந்த செருப்பு

"ஹிஸ்டரின்னு அடிச்சா நாம அடிச்ச கமாண்ட் எல்லாம் வரிசையா வருதும்மா. எதை அழிச்சோம்னுகூடத் தெரியுது" என்றாள் மகள். லேப்டாப்பில் கமாண்ட் அடிக்க இப்போதுதான் பழகுகிறாள்.

எங்கள் பள்ளிக் கம்ப்யூட்டர் ரூம் நினைவுக்கு வந்தது. ஆயுத பூஜைக்கு மானிட்டரில் வைத்த சந்தனம் காய்ந்து மணக்கும். தூசி ஏறுமென்று செருப்பை வாசலிலேயே விட்டுவிடுவோம்.

ஒரு மதியம், எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பில், அழிக்கச் சொல்லும் டெல் கமாண்டை அடித்து, எல்லாவற்றையும் என்று நட்சத்திரக் குறி போட்டேன். நிச்சயமா என்று கேட்டது, ஆமாம் என்று ஒய் தட்டினேன். வகுப்பே செய்து வைத்திருந்த ப்ராஜெக்ட் எல்லாம் போய்விட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் நழுவினேன். பக்கத்து மெஷினில் என் வகுப்பு ஜெசிந்தா மட்டும் இருந்தாள்.

சார் வந்தபோது வாசலில் அவள் செருப்பு மட்டும்தான் கிடந்தது.

"ஒன் செருப்புத்தானே இது? வேற யாரு உள்ள இருந்தா?"

"நான் அழிக்கலைங்க சார்" என்றாளே தவிர, என் பெயரைச் சொல்லவில்லை. ஒரு வாரம் அவளை வெளியே நிற்க வைத்தார். தினமும் அவள் காலடியில் என் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

"ஒங்க காலத்துல இந்த ஹிஸ்டரி இருந்துச்சாம்மா?"

"எங்க கம்ப்யூட்டர்ல இல்லத்தா" என்றேன். சொல்லும்போது மனசுக்குள் எட்டிப் பார்த்த நிம்மதிதான் என்னைக் கூச வைத்தது.