கேட்டுக்கு வெளியே பண்ணைக்காரி

என் சின்ன மகளின் மூக்கைப் பற்றிப் போகிற இடமெல்லாம் அளந்து வைத்திருக்கிறேன். நாலு ஊர் தாண்டி ஒரு பன்றி தும்மினாலும் அது சளியா தூசியா என்று இங்கே உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவாள் என்பேன். நாலு ஊர் என்பது சும்மா. ஆனால் கொட்டில் கதவைத் திறந்து முதல் மூச்சு இழுத்ததுமே, "யார் திரையை இறக்கி விட்டது?" என்று கேட்பாள். அது நிஜம். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று யாரோ நல்ல மனதோடு எல்லாப் பக்கமும் மூடியிருப்பார்கள். உள்ளே மூத்திர நெடி கண்ணைக் கரிக்கும். நின்றுகொண்டிருக்கும் நமக்கே இப்படி என்றால் தரையில் மூக்கை வைத்துப் படுத்திருப்பதற்கு எப்படி இருக்கும் என்பாள். காற்று கெட்டால் பன்றி இருமும், இருமினால் தின்னாது, எரிச்சல் ஏறினால் பக்கத்தில் இருப்பதன் வாலைக் கடித்துவைக்கும். அவளைப் பொறுத்தவரை பாதி வைத்தியம் ஜன்னலில் இருக்கிறது.

கால்நடை வளர்ப்புப் படிப்பை முடித்துவிட்டுப் பன்றிப் பண்ணை வைக்கப்போகிறேன் என்று அவள் சொன்னபோது உறவில் பாதிப் பேருக்குக் காது அடைத்துக்கொண்டது. மாப்பிள்ளை அப்போது தரை ஓடும் குளியலறைச் சாமானும் விற்கும் கடையில் இருந்தார். "தரை போடணும்னா சொல்லு, நான் இருக்கேன்" என்றாராம். அதைக் காதல் வசனமாக எடுத்துக்கொண்டாள் இவள். தரையும் நன்றாகத்தான் போட்டார். கால் வழுக்காது, தண்ணீர் தேங்காது, குளம்பும் தேயாது. அதற்குப் பிறகு தீவன மூட்டை, லாரி, மோட்டார் எல்லாம் அவர் பொறுப்பு. பிரசவக் கொட்டில் மட்டும் அவளுடைய ராஜ்யம்.

அந்தக் கொட்டிலில் ஒரு தீராத வழக்கு உண்டு. தாய்க்குக் குளிர்ச்சி வேண்டும், குட்டிக்குச் சூடு வேண்டும், இருப்பதோ ஒரே அறை. "மாமியாரும் மருமகளும் ஒரே ஃபேனுக்குக் கீழ படுத்த மாதிரி" என்பாள். தாய் காற்றோட்டமாகக் கிடக்கும். குட்டிகளுக்கு மூலையில் ஒரு பெட்டி, அதன்மேல் விளக்கு. பெட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குளிர்கிறது, ஆளுக்கொரு மூலைக்கு ஓடினால் சுடுகிறது, வரிசையாகப் படுத்துத் தூங்கினால் சரி. கதவைத் திறந்து பார்த்ததுமே விளக்கைக் கொஞ்சம் ஏற்றவோ இறக்கவோ செய்வாள்.

இதற்கெல்லாம் மேலே கேட்டுச் சட்டம். யாராக இருந்தாலும் வாசலில் குளித்து, பண்ணை உடுப்புக்கும் பண்ணை பூட்ஸுக்கும் மாறித்தான் உள்ளே போக வேண்டும். வேறு பன்றிகளின் பக்கத்தில் நின்றுவிட்டு வந்தவர்களுக்குக் குளித்தாலும் இடமில்லை. வெளியிலிருந்து கறிச்சோறு வரக் கூடாது. சம்பந்தியம்மா ஆசையாக மகனுக்குக் கறி சமைத்துக் கொண்டுபோய், கம்பி வலை வழியாகப் பேசிவிட்டுத் திரும்பினார். "ஜெயில்ல பாக்கிற மாதிரி பாத்துட்டு வரேன். கம்பி எண்றது நானா அவனான்னுதான் தெரியல" என்று என்னிடம் மூக்கைச் சிந்தினார். என் மகளுக்கு நானே பயப்படுவேன்.

அப்படிப்பட்டவள்தான் அந்தத் தவறைச் செய்தாள். கூடப் படித்த தோழிக்குப் பக்கத்து ஊரில் ஒரு பண்ணை. ஒருநாள் காலையில் அந்தப் பெண் போன் செய்தாள். "ரெண்டு மூணு பன்னி தின்ன மாட்டேங்குது. காது செவந்து கெடக்கு. டாக்டர் வர நேரமாகுமாம். எனக்குக் கை கால் ஓடலடி." வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் இவள் போனாள். போய்ப் பார்த்தால் தோழி கொட்டிலுக்குள் ஒரு பன்றியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுகிறாள். இவள் தடுப்பைத் தாண்டி உள்ளே குதித்துவிட்டாள். காதைத் தொட்டுச் சூடு பார்த்த பிறகுதான், தான் எங்கே நிற்கிறோம் என்பதே உறைத்ததாம்.

மனிதரை ஒன்றும் செய்யாமல் பன்றிகளை மட்டும் கூண்டோடு கொண்டுபோகிற ஒரு காய்ச்சல் இருக்கிறது. மருந்து கிடையாது. உடுப்பிலும் செருப்பிலும் ஒட்டிக்கொண்டே ஊர் ஊராகப் போகும். அதுதானோ என்று பிறகு வந்து பார்த்த கால்நடை டாக்டருக்குச் சந்தேகம். ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். இவள் தன் பண்ணைக்குப் போகாமல் நேரே என் வீட்டுக்கு வந்தாள். போட்டிருந்த உடுப்பைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டாள், தோல் உரிகிற மாதிரி தேய்த்துக் குளித்தாள். "ரிசல்ட் வர்ற வரைக்கும் நான் அந்தப் பக்கமே வர மாட்டேன், நீங்க பாத்துக்கங்க" என்று மாப்பிள்ளைக்குப் போனில் சொன்னாள்.

ஆனால் டீச்சர் காத்திருக்க வேண்டுமே. டீச்சர் என்பது ஒரு பெண் பன்றி. தொட்டியில் வாய் வைக்கும் முன் ஆஜர் எடுப்பதுபோல எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்க்கும், அதனால் அந்தப் பெயர். அதற்கு இது தலைப்பிரசவம். மறுநாள் மத்தியானம் மாப்பிள்ளையின் போன் வந்தது. "ரெண்டு குட்டி வந்துச்சு. அதுக்கப்புறம் முக்கிக்கிட்டே இருக்கு, ஒண்ணும் வரல." அவ்வளவுதான், என் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

கேட்டில் நடந்ததை நான் பார்க்கவில்லை. அதற்காகச் சொல்லாமல் விட முடியுமா?

"கதவத் திறங்க."

"மாட்டேன்."

"கைய உள்ள விட்டுப் பாக்கணும். உங்களுக்கு அதெல்லாம் தெரியாது."

"சொல்லிக்குடு, தெரிஞ்சுக்கறேன்."

"பன்னிக்கு முன்பக்கம் எது பின்பக்கம் எதுன்னே தெரியாத ஆளுங்க நீங்க."

"தின்னுற பக்கம் தெரியும். தீவனம் நான்தானே போடறேன். மிச்சம் இருக்கிறது பின்பக்கம்."

"நான் குளிச்சாச்சுங்க. தோலே போயிருச்சு."

"எங்கம்மாவும் அன்னிக்குக் குளிச்சிட்டுத்தான் வந்தாங்க. நீ விட்டியா?" பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாராம்: "ஒண்ணைக் காப்பாத்தப் போயி உள்ள இருக்கிற அத்தனையும் போயிருச்சுன்னா, அப்புறம் உன்னாலயே உன்னை மன்னிக்க முடியாது. நீ சட்டம் போட்டது இந்த மாதிரி நாளுக்குத்தான். கெஞ்சினாலும் திறக்க மாட்டேன்."

என் மகள் நியாயம் புரிந்ததும் திரும்பி நடந்து, எதிரே மரத்தடியில் உட்கார்ந்து போனை எடுத்தாள். படித்த பிள்ளைக்கு அழகு அதுதான். என் வளர்ப்பு அப்படி.

"நகம் வெட்டியிருக்கீங்களா? முழங்கை வரைக்கும் கழுவுங்க. கையுறை போட்டு எண்ணெயத் தடவுங்க. விரலக் குவிச்சுக்கிட்டு மெதுவா."

"ஒரு கால் தட்டுப்படுது. பின்னங்கால்."

"இன்னொண்ணு மடங்கியிருக்கும். தேடுங்க. கெடச்சுதா? அது முக்கும்போது நீங்களும் இழுங்க. அது நிறுத்தினா நீங்களும் நிறுத்துங்க."

ஓடு விற்றவரின் கை அன்று டீச்சரோடு சேர்ந்து முக்கியது. அடைத்துக்கொண்டிருந்த குட்டி உயிரில்லாமல்தான் வந்தது. அதன் பின்னால் இருந்தவை மளமளவென்று வந்தன, உயிரோடு. கொழுத்தவை காம்பைப் பிடித்துக்கொண்டு விடாது, நோஞ்சான்கள் ஓரத்தில் நடுங்கும். முதல் பந்தி முடிந்தவர்களைத் தூக்கி விளக்குப் பெட்டியில் போட்டுவிட்டு நோஞ்சான்களை உட்கார வைக்கச் சொன்னாள். முதல் பால் இல்லாவிட்டால் அவை தேறாது. சந்தோஷத்தில் மாப்பிள்ளை தொட்டி நிறையத் தீவனம் கொட்டப் போனார். "இன்னிக்குக் கொஞ்சமாப் போடுங்க, தண்ணி மட்டும் தாராளமா வையுங்க. நாளைலேர்ந்து கூட்டிக்கலாம்" என்று அதையும் மரத்தடியிலிருந்தே நிறுத்தினாள்.

பரிசோதனை முடிவு வந்தது. அதே காய்ச்சல்தான். தோழியின் பண்ணையில் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை, பள்ளம் தோண்டிப் புதைத்தார்கள். அந்தக் கொட்டில்கள் இன்னும் காலியாகக் கிடக்கின்றன. செய்தி வந்த அன்று சின்னவள் சாப்பாட்டில் கை வைக்காமல், காதைத் தொட்ட அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் போகலாம் என்று சொல்லும்வரை என் வீட்டிலேயே இருந்தாள். அவள் பண்ணையில் ஒரு பன்றிக்கும் காது சிவக்கவில்லை. திரும்பிப் போன அன்று வாசலில் குளித்துவிட்டு நின்றவளுக்கு, மாப்பிள்ளை பண்ணை உடுப்பை நீட்டினாராம்.

இதுவரை எழுதிச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தேன். சின்னவள் எடுத்து வாசித்தாள். மாப்பிள்ளை தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"மரத்தடிக்கு நான் நடந்து போகலம்மா" என்றாள். "கேட்டு மேல ஏறிட்டேன். ஒரு கால அந்தப் பக்கம் போட்டாச்சு. இவர் கொட்டில் கழுவுற குழாயத் திறந்து மூஞ்சியில அடிச்சார். மூச்சு முட்டித்தான் எறங்கினேன். அத எழுது. அடிக்கலேன்னா எறங்கியிருக்க மாட்டேன்."