அரசர் மட்டும் அமர்ந்திருந்த அறை

நிற்பதுதான் என் வேலையாக இருந்தது. காவல், பாதுகாப்பு, பார்வையாளர் சேவை என்று அதற்குப் பல பெயர்கள் சொன்னார்கள். எல்லாம் பூச்சு. டொரொன்டோவில் ஒரு அருங்காட்சியகத்தின் ஓர் அறையில், கறுப்புக் கோட்டும் காதில் ஒரு வயருமாக, காலையிலிருந்து மாலை வரை நான் நின்றேன். உட்கார்ந்து இருக்கக் கூடாது என்பது விதி. காவலாளி இருந்தால் தூங்குகிறான் என்று சனம் நினைக்குமாம். முதல்நாளே அதைச் சொல்லித்தான் கோட்டைக் கையில் தந்தார்கள்.

முஸ்லிம் அரசவைகளில் இருந்து வந்த பொருட்கள் வைத்திருந்த அறை அது. பச்சைக் கல்லில் குடைந்த கிண்ணம், நீலப் பூக்கள் வரைந்த அரண்மனைச் சுவர் ஓடுகள், சிவப்புக் கல்லில் நட்சத்திரம் நட்சத்திரமாக வெட்டிய ஒரு பலகணி. அந்தப் பலகணிக்குப் பின்னால் விளக்கு வைத்திருந்ததால் நிழல் தரையில் கோலம் போட்டது மாதிரி விழும். வந்தவர்கள் எல்லாரும் அந்த நிழலில் நின்று படம் எடுப்பார்கள். நானும் முதல் மாதம் ரசித்தேன். பிறகு ரசிக்கிறதுக்கும் கால் வேண்டும் என்று விளங்கிவிட்டது.

என் வலது முழங்கால் முன்பே பழுது. கனடாவுக்கு வந்த புதிதில் தொழிற்சாலைச் சீமெந்துத் தரையில் நின்று உழைத்தபோது அது தொடங்கியது. புறநகரான அஜக்ஸில் இருந்து காலை ரயிலில் வரும்போது இருக்கை கிடைத்தால், இறங்கும் நேரம் முழங்கால் இறுகிப்போய் மடிக்க ஏலாது, நீட்டவும் ஏலாது. டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நிக்கிறதைக் குறையுங்கோ" என்றார். குறைக்கலாம்தான், வேலையையும் சேர்த்துக் குறைத்தால். ஓய்வூதியத்துக்கு இன்னும் சில வருடங்கள் கிடந்தன. அந்தச் சில வருடங்களையும் ஓட்டி முடிக்க எனக்குத் தேவைப்பட்டது ஒரு ஸ்டூல். சாய்வுகூட வேண்டாம்.

"வாயைத் திறந்து கேளுங்கோவன்" என்று மனைவி ஒவ்வொரு இரவும் சொல்வாள்.

"கேக்கிறன், கேக்கிறன்."

கேட்கவில்லை. கேட்டால் இவனுக்கு ஏலாமல் போய்விட்டது என்று நினைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். அவர்களாகவே கண்டு, அவர்களாகவே கேட்கட்டும் என்று இருந்தேன்.

நான் நிற்கும் இடத்துக்கு நேரே ஒரு ஓவியம். முகலாய அரசர் ஒருவரின் தர்பார். உள்ளங்கை இரண்டை விரித்தால் அடங்கிவிடும் தாள்தான், ஆனால் அதற்குள் ஒரு அரசாங்கமே நிற்கிறது. அணில் வால் மயிரில் செய்த தூரிகையால் வரைந்தார்களாம், ஒவ்வொரு தாடி மயிரும் தனியாகத் தெரிகிறது. மேலே மேடையில் அரசர், தலையைச் சுற்றிப் பொன் வட்டம். கீழே வெள்ளி வேலிக்குள் பெரிய பிரபுக்கள், அதற்கு வெளியே சிவப்பு மர வேலிக்குள் சின்னப் பிரபுக்கள், அதற்கும் வெளியே யாரென்று ஒருவருக்கும் கவலையில்லாத ஆட்கள். அத்தனை பேரும் நிற்கிறார்கள். அரசர் முன்னால் இருக்கிறதுக்கு யாருக்கும் அனுமதி இல்லை. தெற்கே போய்ப் போரில் வென்று வந்த மகனுக்கு ஒரு அரசர் தன் சிங்காசனத்துக்குப் பக்கத்தில் நாற்காலி கொடுத்தாராம், அதைச் சரித்திரத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு கதிரை கிடைக்க இளவரசனாகப் பிறக்கவும் வேண்டும், ஒரு போரை வெல்லவும் வேண்டும். ஓவியத்துக்குப் பக்கத்து விளக்கப் பலகையில் இதை வாசித்த அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வாசித்த நாட்களில் எரிச்சல்தான் வந்தது.

சரி, ஓவியத்தில் இருப்பவர்கள் நிற்கட்டும், அவர்களுக்கு முழங்கால் வலி இல்லை. என்னை உண்மையில் வதைத்தது அறையின் நடுவே கிடந்த மேடைதான். அரசர்கள் சப்பாணி கட்டி இருக்கும் உயரமில்லாத, பதிந்த மர ஆசனம், கட்டில் அளவு, சிப்பியும் தந்தமும் பதித்த விளிம்பு. கயிறு கட்டினால் அழகு கெட்டுவிடும் என்று யாரோ முடிவு செய்ததால், சுற்றித் தரையில் ஒரு சாம்பல் நிறக் கோடு மட்டும் போட்டிருந்தார்கள். பின்னேரங்களில் அறை வெறுமையாகும்போது அதைப் பார்ப்பேன். இருந்து பார்த்தால் என்ன என்று மனம் கேட்கும். கூரையில் இருந்த கமரா வேண்டாம் என்று சொல்லும்.

ஒரு மாரி நாளில் ஸ்காபரோவில் இருந்து முதியோர் சங்கம் ஒன்று பஸ் பிடித்து வந்தது. சேலைக்கு மேல் குளிர்க் கோட்டும் காலில் சப்பாத்துமாக எங்கடை ஆட்கள் கூட்டமாக வந்து, கூட்டமாகவே அடுத்த அறைக்குப் போனார்கள். ஒரு அம்மா மட்டும் பின்தங்கினார். எண்பது வயதைத் தாண்டியிருப்பார். அறையைச் சுற்றிப் பார்த்தார், மேடையைக் கண்டார், நேரே போய் அதில் அமர்ந்து கைப்பையையும் பக்கத்தில் வைத்தார்.

நான் நொண்டி நொண்டி ஓடினேன்.

"அன்ரி, உதில இருக்கக் கூடாது."

"ஆர் சொன்னது?"

"உது ராசாக்கள் இருந்த கட்டில்."

"ராசா இப்ப வாறாரோ?"

"இல்லை..."

"அப்ப கொஞ்சம் இருந்திட்டு எழும்பிறன் தம்பி. கால் விண் விண் எண்டு குத்துது."

காதில் இருந்த வயரில் குரல் கேட்டது. யாரோ மேடையில் இருக்கிறார்கள், உடனே எழுப்பு என்றது. பார்க்கிறேன் என்று பதில் சொன்னேன். ஆனால் இருந்துவிட்ட ஒரு வயதானவரைப் பார்த்து எழும்பு என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. எங்கள் வீடுகளில் அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை. வேலை போனாலும் போகட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு அவர் முன்னால் நின்றேன்.

அவர் ஓவியத்தைப் பார்த்தார். "உந்தப் படத்தில ஒராள்தான் இருக்கிறார். மிச்சமெல்லாம் நிக்குதுகள், பாவங்கள்." பிறகு என் காலைப் பார்த்தார். "உமக்கு இருக்க ஒண்டும் தரேல்லையே?"

"இல்லை அன்ரி."

"கேட்டனீரோ?"

"இல்லை."

"நல்ல பிள்ளை" என்றார். புகழ்ச்சியில்லை, எரிச்சல்தான். பிறகு கையை நீட்டினார். நான் பிடித்துத் தூக்க, இரண்டு பேரின் முழங்காலும் சேர்ந்து நெட்டி முறித்தன. "இவ்வளவு பதிவாய் இருந்து ராசா எப்பிடித்தான் எழும்பினவரோ" என்று சொல்லிக்கொண்டே கூட்டத்தைத் தேடிப் போனார்.

அடுத்த நாள் மேல்மாடியில் இருந்து முகாமையாளர் இறங்கி வந்தார். சீட்டுக் கிழியப் போகிறது என்று நினைத்தேன். அவரோ கமராவில் முழுவதையும் பார்த்ததாகவும், நான் அந்த அம்மாவோடு பொறுமையாக நடந்துகொண்டது நல்லது என்றும் சொன்னார். பிறகு, "நீ நொண்டுகிறாய், கவனித்தேன். இங்கே உனக்கு ஒரு ஸ்டூல் வைத்தால் உதவியாக இருக்குமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

எத்தனை மாதம் காத்திருந்த கேள்வி. என் வாய் சொன்னது: "நோ, நோ. ஐ ஆம் ஓக்கே, சேர்."

இதை மற்றவர்களுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். எங்களிடம் ஒரு வீட்டுக்குப் போனால், தேத்தண்ணி குடிக்கிறீங்களோ என்று கேட்பார்கள். வேண்டாம், இப்பதான் குடிச்சனாங்கள் என்போம். தொண்டை வறண்டு கிடந்தாலும் அதுதான் பதில். முதல் கேட்டவுடன் ஓம் என்று சொல்பவன் பறக்காவெட்டி, காணாததைக் கண்டவன். வீட்டுக்காரர் அதைக் காதில் விழுத்தாமல், சும்மா குடியுங்கோ என்று திரும்பவும் சொல்ல வேண்டும். அந்த இரண்டாவது அழைப்புத்தான் உண்மையானது. நானும் அதற்காகத்தான் முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"கிரேட்" என்றார் முகாமையாளர். தோளில் தட்டிவிட்டுப் போனார்.

பின்னேரம் அந்த ஸ்டூல் அடுத்த அறைக்கு வந்தது. அங்கே நிற்கும் பெண் என்னைவிட எவ்வளவோ இளையவள். அவளிடமும் கேட்டிருக்கிறார், அவள் "யெஸ் ப்ளீஸ்" என்று சொல்லியிருக்கிறாள். அவள் செய்ததில் பிழையில்லை. ஆனால் என் இடத்தில் இருந்து பார்த்தால் வாசல் வழியே அந்த ஸ்டூல் தெரியும்.

இரவு மனைவி என் காலுக்கு எண்ணெய் தேய்த்தபோது சொன்னேன்.

"அவரே கேட்டவரோ? நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"வேண்டாம் எண்டனான். இன்னொருக்காக் கேப்பார் எண்டு நினைச்சன்."

ஏசுவாள் என்று பார்த்தேன். அவள் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றித் தேய்த்தாள். "நானும் உப்பிடித்தான் சொல்லியிருப்பன்" என்றாள். அதைக் கேட்க எனக்கு இன்னும் களைப்பாக இருந்தது.

மறுநாள் போய் நானே கேட்டிருக்கலாம். ரயிலில் ஆங்கில வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டுதான் போனேன். முகாமையாளர் எதிரே வந்து எப்படி இருக்கிறாய் என்றார், நான் குட், குட் என்றேன். நேற்று வேண்டாம் என்றவன் இன்றைக்கு வேண்டும் என்று எந்த முகத்தோடு கேட்பது? இப்படியே பனிக்காலம் முடிந்தது, கோடை வந்து போனது. இலை கொட்டும் நேரத்தில் ஒரு நாள் முழங்கால் அப்படியே விட்டுவிட, பலகணியைப் பிடித்துக்கொண்டு விழாமல் நின்றேன். நானூறு வருடப் பழைய கல்லைப் பிடித்ததற்குக் காதில் ஏச்சு விழுந்தது. முழங்காலை மாற்ற வேண்டும், இனி இந்த வேலை சரிவராது என்று டொக்டர் முடிவாகச் சொன்னார்.

கடைசி நாள் கோட்டைத் திருப்பிக் கொடுக்க மேல்மாடிக்குப் போனேன். முகாமையாளர் உண்மையாகவே குழம்பிப்போனார். "நான் கேட்டேனே, நீ வேண்டாம் என்றாயே" என்றார். கேட்டவர்தான். நல்ல மனிதர். "இப்போதாவது ஒரு ஸ்டூல் போடச் சொல்லட்டுமா? வேலையை விடாமல் இருந்து பார்" என்றார்.

இரண்டாம் தரம் கேட்டுவிட்டார். "நோ, சேர், தாங்க் யூ" என்றேன். இந்தமுறை மரியாதைக்குச் சொல்லவில்லை.