அக்கிக்கு மேலே ஒரு தழும்பு

எங்கள் மலையில் ஒண்டிக்கடை என்கிற இடத்தில் பஜ்ஜிக்கடை நடத்தும் சரசக்காவுக்கு, இந்த டூரிஸ்ட் சீசன் ஆரம்பத்தில் விலாவை ஒட்டிச் சிவப்பாகக் கொப்புளங்கள் கிளம்பின. ஒரே பக்கம். வரிசையாக.

அக்கி! வேறென்ன?

எண்ணெய்ச் சட்டிச் சூடு என்றார்கள். கடையை மூடு என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரி நான், என் பங்குக்கு இளநீர் குடிக்கச் சொன்னேன். உள்ளூர் டாக்டர், "சுகர், பிரஷர்... வேற ஏதாவது இருக்கா?" என்றார். "ஒன்னுமில்லீங்க." முந்தானையை விலக்கி விலாவை மட்டும் காட்டி, மாத்திரை வாங்கி வந்தார். அடிவாரத்துக் குயவரிடம் போய், கொப்புளத்தின் மேல் காவியால் அக்கியும் எழுதிக்கொண்டார்.

மாத்திரை தீர்ந்தது. காவி மேல் காவி ஏறியது. கொப்புளம் மட்டும் போகவில்லை. அக்கி என்றால் எரிய வேண்டுமே, இவருக்கு ஏன் எரியவில்லை? யாரும் கேட்கவில்லை.

கடைசியில் நான்தான் சேலத்துக்குக் கூட்டிப்போனேன். தோல் டாக்டர் பெண்மணி. அவரும் அதே கேள்வி, இவரும் அதே பதில். பிறகு காவியைக் கழுவச் சொன்னார்.

"எழுதுனத அழிச்சா பரவிருமுங்க..."

"பரவாதும்மா. கழுவிட்டு, ரவிக்கையையும் கழட்டுங்க."

கொப்புளங்களுக்கு மேலே, மார்பில் ஒரு நீளமான தழும்பு. எனக்கே அன்றுதான் தெரியும்.

"இது என்னம்மா?"

"அது பழசுங்க. கேன்சர் கட்டி. ஆபரேசன் பண்ணி எடுத்துப்போட்டாங்க."

"வேற ஏதாவது இருக்கான்னு கேட்டேனே?"

"இருக்கறதத்தானுங்க கேட்டீங்க? அதுதான் போயிருச்சுங்களே!"

சரிதானே? நமக்கு வியாதி என்றால் சுகர், பிரஷர். வந்துபோன வியாதியெல்லாம் ஊருக்குப் போய்விட்ட விருந்தாளி. அதற்கும் சேர்த்து யார் உலை வைப்பார்கள்?

சதையில் கொஞ்சம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். அக்கி இல்லை. அந்தப் பழைய கேன்சர்தான் தோலில் தலைகாட்டியிருக்கிறது. முழுசாகக் குணமாகும் என்று டாக்டர் சொல்லவில்லை. கட்டுக்குள் வைக்கலாம், முன்னாடியே வந்திருக்கலாம் என்றார்.

சரசக்கா கேட்டது ஒன்றுதான். "அப்ப அடுப்புச் சூட்டுனால வந்ததில்லீங்களே? கடையத் தொறக்கலாமுங்களா?"

திறக்கலாம் என்றார்.

இப்போது மருந்தும் ஏறுகிறது, கடையும் நடக்கிறது. போன வாரம் என்னோடு மெடிக்கல் ஷாப்புக்கு வந்தவர், கடைப் பையன் வாயைத் திறப்பதற்குள் ஆரம்பித்தார்: "எனக்குக் கேன்சர் ஆபரேசன் ஆயிருக்குது, தம்பி."

"எப்பவும் போலக் கொசுவத்திதானுங்கக்கா வேணும்?"

"ஆமா... கேக்காட்டியும் சொல்லிப்போடோணுங் கண்ணு!"